உம்மம்மாவுக்கு என்ன வாங்கலாம்?



ரமளான் பிறந்துவிட்டால் சபரில் இருக்கும் பிள்ளைகள் ஊருக்கு அனுப்பப் பெட்டி கட்டத் தொடங்குவார்கள். பிள்ளைகளுக்கு என்ன, மச்சிக்கு என்ன, மாமிக்கு என்ன என்று எல்லாம் கேட்டு முடித்த பிறகு கடைசியாக ஒரு கேள்வி வரும்: “உம்மம்மாவுக்கு என்ன வாங்க?” இந்தப் பக்கத்திலிருந்து பெரும்பாலும் ஒரே பதில்தான். “அவங்களுக்கு என்ன வேணும்? ஒரு கம்பளி போட்டு விடு.” கம்பளி வந்து சேரும். வருஷத்தில் பத்து மாதம் புழுங்கும் நம் கடற்கரை ஊர்களில் அந்தக் கம்பளி, ஏற்கெனவே வந்த இரண்டு கம்பளிகளின் மேல் அலமாரியில் போய் உட்காரும். வாங்கியவர் பிரியத்தோடுதான் வாங்கினார், அதில் சந்தேகமில்லை. ஆனால் வாங்கும்போது அவர் நினைத்தது ‘வயதான ஒருவர்’ என்று. தன் உம்மம்மாவை நினைத்து வாங்கவில்லை.

உம்மம்மா, வாப்பும்மா, நன்னி, பெத்தம்மா என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். இந்தப் பாடம் அவர்கள் எல்லோருக்கும் கொடுக்கும் ஹதியாவைப் பற்றியது.

ஹதியா வேறு, ஸதகா வேறு

மார்க்கத்தில் இந்த இரண்டுக்கும் தெளிவான வேறுபாடு உண்டு. நபி (ஸல்) அவர்கள் ஹதியாவை ஏற்றுக்கொள்வார்கள். ஸதகாவைத் தாங்கள் சாப்பிட மாட்டார்கள். ஹதியா கொடுத்தவருக்குப் பதிலுக்கு ஏதாவது கொடுப்பதும் அவர்களின் வழக்கம் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்தது புகாரியில் உள்ளது. ஸதகா தேவையுள்ளவரின் தேவைக்காகக் கொடுப்பது. ஹதியா ஒருவரைக் கண்ணியப்படுத்தக் கொடுப்பது. வாங்குகிறவருக்கு இந்த வித்தியாசம் உடனே தெரியும், வயதானவர்களுக்கு இன்னும் சீக்கிரமாகவே தெரியும். “பாவம், பழைய செருப்போட நடக்குறாங்க, இதைக் கொடுத்துடு” என்று அடுத்த அறையில் பேசிவிட்டு, பிறகு சிரித்த முகத்தோடு கொண்டுபோய்க் கொடுத்தால் அது அவர் காதில் ஸதகாவாகத்தான் விழும்.

கூடவே ஒரு சட்ட விஷயம். நம் அறக்கட்டளைக்கு ஒவ்வொரு ரமளானிலும் வரும் கேள்வி என்பதால் எழுதுகிறோம். ஜகாத் பணத்தில் பாட்டிக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்கலாமா? பெற்றோர், பாட்டன், பாட்டி வறுமையில் இருந்தால் அவர்களின் செலவைப் பார்ப்பது வசதியுள்ள பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் மீது கடமை. தன் கடமையை ஜகாத்தைக் கொண்டு கழித்துக்கொள்ள முடியாது. ஆகவே ஏழை, எளியோர் என்ற பங்கிலிருந்து அவர்களுக்கு ஜகாத் கொடுக்கக் கூடாது என்பதே ஃபிக்ஹ் சட்டம். உட்பிரிவுகளை உங்கள் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உம்மம்மாவுக்கு வாங்குவது நம் சொந்தப் பணத்தில் இருக்கட்டும். ஜகாத் வேறு வீட்டு உம்மம்மாக்களுக்குப் போகட்டும்.

‘வேண்டாம்’ என்றால் என்ன அர்த்தம்?

நேரே கேட்டால் “எனக்கு என்னத்துக்கு ராசா, நீ நல்லா இருந்தா போதும்” என்பார்கள். இதற்கு ‘எனக்குத் தேவை இல்லை’ என்று பொருள் அல்ல. ‘உனக்குச் செலவு வைக்க மனமில்லை’ என்பதே பொருள். அதனால் கேட்பதைவிடக் கவனிப்பதில் பலன் அதிகம். எதைக் கவனிப்பது? வீட்டில் அவர் ஒட்டுப்போட்டு வைத்திருக்கும் பொருள்களைப் பாருங்கள். வார் அறுந்து ஊக்கு குத்திய செருப்பு, நூல் கட்டிய மூக்குக் கண்ணாடி, மூடி போய் துணி சுற்றிய வெந்நீர் பிளாஸ்க், ரப்பர் பேண்ட் போட்ட கைப்பை. ஒரு பொருளை ஒட்டியும் கட்டியும் ஒருவர் வைத்துக்கொண்டிருக்கிறார் என்றால் அது அவருக்குத் தினமும் வேண்டிய பொருள், ஆனால் புதிதாகக் கேட்கக் கூச்சப்படுகிறார். பட்டியல் உங்கள் கையில் வந்துவிட்டது.

இன்னொன்று, அவர் விட்டுவிட்ட வேலைகள். முன்பெல்லாம் அஸருக்குப் பிறகு பக்கத்து வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசுவார், இப்போது போவதில்லை. யாஸீன் ஓதிக்கொண்டிருந்தவர் இப்போது தஸ்பீஹ் மணியோடு நிறுத்திக்கொள்கிறார். கேட்டால் ‘வயசாச்சு’ என்பார். உள்ளே காரணம் வேறாக இருக்கும்: வாசல்படி உயரம், கண்ணில் புரை, காது மந்தம், அவசரத்துக்கு அடுத்த வீட்டில் கழிவறை வசதி இல்லாதது. அந்தக் காரணத்தைக் கண்டுபிடித்துத் தீர்த்துவைப்பது விலை உயர்ந்த எந்தப் பொருளையும்விட நல்ல ஹதியா.

காலில் தொடங்குவோம்

உலகம் முழுவதும் ஆண்டுக்கு சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அதில் பெரும்பங்கு 60 வயதைத் தாண்டியவர்கள். நம் வீடுகளில் அவர்கள் விழும் இடமும் நேரமும் நமக்கே தெரியும்: கழிவறை, ஒளு செய்யும் இடம், இரவு நேரம் அல்லது சுபுஹுக்கு எழுந்திருக்கும் நேரம்.

செருப்பு வாங்குவதானால் பாதத்தின் அளவை மாலையில் எடுங்கள். பகல் முழுவதும் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தவர்களுக்கு மாலையில் கால் வீங்கியிருக்கும். குதிகாலுக்குப் பின்னால் வார் இருக்க வேண்டும், அடிப்பகுதி வழுக்காத ரப்பராக இருக்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். புதுச் செருப்பு கடித்தாலும் தெரியாது, புண் வந்த பிறகே தெரியும். அவர்களுக்கென்று எம்.சி.ஆர். செருப்பு என்று மென்மையான அடிப்பாகம் கொண்டது கிடைக்கிறது. பார்வைக்கு அழகாக இருக்காது என்பது உண்மைதான். அழகை வாரின் நிறத்தில் பார்த்துக்கொள்ளலாம். இதே காரணத்துக்காக, உணர்ச்சி குறைந்த காலுக்கு வெந்நீர்ப் பையும் சூடு தரும் மெஷினும் வாங்கி அனுப்பாதீர்கள். சூடு தெரியாமலேயே தோல் வெந்துபோனவர்கள் உண்டு.

கழிவறைச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி. இதைப் பெருநாள் பரிசு என்று சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் நாம் இதைப் பட்டியலில் முதலில் வைப்போம். ஆள் வைத்துச் சுவரில் துளை போட்டு, ஸ்குரூ அடித்து மாட்டுங்கள். ஆன்லைனில் வரும், சுவரில் ஒட்டிக்கொள்ளும் வகை வேண்டாம். பிடித்து எழும்போது கையோடு வந்துவிடும். மாட்டும்போது “நீங்க விழுந்துடுவீங்கன்னுதான்” என்று சொல்லாமல், வீட்டுக்கு வேலை பார்க்கிற கூட்டத்தில் இதையும் சேர்த்துவிடுவது நாகரிகம். மூட்டு வலியுள்ள உம்மாவுக்கும் அது உதவும், சொல்லவும் ஒரு காரணம் இருக்கும். கட்டிலிலிருந்து கழிவறை வரை வழியில் ஆள் நடந்தால் தானே எரியும் சிறு விளக்கு ஒன்றும், அந்த வழியில் சுருண்டு கிடக்கும் பழைய கால்மிதியை எடுத்துப் போடுவதும் இதோடு சேர்ந்தது. கால்மிதியை எடுக்கக் காசு செலவில்லை.

கண்ணும் காதும்

சவூதியிலிருந்து வருகிறவர்கள் அழகான மதீனா அச்சு குர்ஆனை உம்மம்மாவுக்குக் கொண்டுவருவார்கள். முத்தமிட்டு வாங்கி உயரத்தில் வைப்பார். ஓதுவதோ பழைய, ஓரம் கிழிந்த குர்ஆனில்தான். பலருக்கு இது ஏன் என்று தெரியாது. நம் பகுதியில் மதரஸாவில் ஓதிய மூத்தவர்கள் படித்தது இந்திய-பாகிஸ்தான் எழுத்து முறையில். மதீனா முஸ்ஹஃபில் சுகூன், மத்து போன்ற குறிகள் வேறு விதமாக இருக்கும். எழுபது வயதில் அதைப் புதிதாகப் பழகுவது சிரமம். அதே மதீனா அச்சகம் நம் எழுத்து முறையிலும் குர்ஆன் அச்சிடுகிறது. கேட்டு வாங்க வேண்டும். இங்கேயே வாங்குவதானால் பக்கத்துக்கு 13 வரி உள்ள பதிப்பில் எழுத்து பெரிதாக இருக்கும். கனம் தாங்காத கைகளுக்குத் தனித்தனி ஜுஸ்உகளாகப் பிரித்துக் கட்டியதும், தரையில் குனிய வேண்டாத உயரத்தில் ஒரு ரைஹாலும் நல்லது.

சில வீடுகளில் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாத, ஆனால் அரபுத்தமிழ் சரளமாக வாசிக்கும் மூதாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். தமிழை அரபு எழுத்தில் எழுதும் அந்த முறையில்தான் கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்கள் மார்க்க நூல்களை எழுதினார்கள். பள்ளிக்கூடம் போகாத நம் பெண்கள் மசாயில் கற்றது அப்படித்தான். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் அவரை ‘படிக்காதவர்’ என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். பழைய கிதாபு ஒன்று பூச்சி அரித்துக் கிடந்தால் பக்கங்களைப் படம் எடுத்து, பெரிதாக்கி, பிரிண்ட் போட்டுத் தைத்துக் கொடுங்கள். அவர் பேத்திக்கு அந்த எழுத்தைச் சொல்லிக்கொடுக்க இன்னும் காலம் இருக்கிறது.

காது விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வயதினால் வரும் காது மந்தத்தில் முதலில் குறைவது உயர்ந்த ஒலிகள். சின்னப் பிள்ளைகளின் குரல், ‘ச’, ‘த’ போன்ற எழுத்துகள். அதனால் ‘பேசுறது கேக்குது, என்னன்னு புரியல’ என்பார்கள். ஆன்லைனில் விற்கும் மலிவான கருவி எல்லாச் சத்தத்தையும் சேர்த்துக் கூட்டும். பாத்திரச் சத்தம் தாங்காமல் இரண்டாம் நாளே கழற்றிவிடுவார். முதலில் காது பரிசோதனை, பிறகு அதற்குப் பொருத்தி அமைத்த கருவி என்பதே முறை. பழகச் சில வாரங்கள் ஆகும், இரண்டு மூன்று முறை திரும்பப் போய்ச் சரிசெய்ய வேண்டியிருக்கும். கருவிக்குப் பணம் அனுப்புகிறவர், கூட்டிக்கொண்டு போகும் ஆளையும் ஏற்பாடு செய்தால்தான் அது ஹதியா முழுமை அடையும்.

வெள்ளைச் சேலை

இதைச் சொல்லாமல் விடக்கூடாது. கணவர் மௌத்தான பெண்ணுக்கு இத்தா நான்கு மாதம் பத்து நாள். அலங்காரத்தைத் தவிர்ப்பது அந்தக் காலத்துக்கு. அதற்குப் பிறகு நிறத்துக்கு மார்க்கத்தில் தடை இல்லை. ஆனால் நம் ஊர்களில் இருபது வருஷத்துக்கு முன் இத்தா முடித்தவருக்கும் பெருநாளைக்குப் பெருநாள் வெள்ளையே வாங்கிக்கொண்டிருக்கிறோம், அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல். அவரே வெள்ளையைத்தான் விரும்பலாம், பலர் விரும்புகிறார்கள். கேட்பது நம் வேலை. கடைக்கு வர முடியாதவருக்கு நாலு சேலையைப் படம் எடுத்துக் காட்டுங்கள். இளம்பச்சைச் சுங்குடியில் கை வைத்து “இது யாருக்கு?” என்று அவர் கேட்டால் பதில் தெரிந்துவிட்டது.

கனமான பட்டும் ஜரிகையும் வேண்டாம். லேசான பருத்தி, கை தூக்க முடியாதவருக்கு முன்பக்கம் திறக்கும் ரவிக்கை, ஊக்குக்குப் பதில் பெரிய பட்டன். தொழுகைத் துப்பட்டி காலில் தட்டாத நீளம்.

தொழும் இடம்

நின்று தொழ முடியாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் முடியாவிட்டால் படுத்தும் தொழலாம் என்று நபி (ஸல்) அவர்கள் இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்குச் சொன்னார்கள். இருந்தும் நாற்காலியில் தொழுவதைக் குறைவாக நினைத்து முழங்காலை வருத்திக்கொள்ளும் மூத்தவர்கள் அதிகம். கைப்பிடி உள்ள, டைல்ஸில் நகராத, பாதம் தரையில் முழுதாகப் படியும் உயரமுள்ள ஒரு மர நாற்காலியை அவர் பெயருக்கே என்று செய்து கொடுங்கள். ஊர் ஆலிமின் வீட்டாரோ ஆலிமாவோ வந்து ‘இதில் தொழுவது உங்களுக்குச் சலுகை’ என்று ஒரு வார்த்தை சொன்னால் மனசு சமாதானமாகும். அதை நாம் சொன்னால் கேட்கமாட்டார்கள்.

பாய் வாங்குவதானால் திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடைப் பாய். தாமிரபரணிக் கரைக் கோரையில் நம் சமுதாயத்துப் பெண்கள் நெய்வது. தரையில் விரித்தால் வழுக்கும், எழுந்திருக்கவும் கஷ்டம். மெத்தையின் மேல் விரித்துக் கொடுங்கள், கோடையில் முதுகுக்குக் குளிர்ச்சி.

சாப்பாட்டுப் பொருளில் சுருக்கமாக: பேரீச்சம்பழம் நல்ல ஹதியா, பெட்டி சிறியதாக இருக்கட்டும். வெளிநாட்டுச் சத்து மாத்திரை, மூலிகை டப்பா எதுவானாலும் அவர் சாப்பிடும் மருந்துச் சீட்டோடு டாக்டரிடம் காட்டாமல் கொடுக்க வேண்டாம். ‘பிரஷருக்கு நல்லது’ என்று விற்கும் சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு அது ஆபத்து. பல் போனவருக்கு முந்திரி, பாதாம் கிலோ கணக்கில் வாங்குவது பேரப்பிள்ளைகளுக்கு வாங்குவதுதான்.

போன்

ஸ்மார்ட் போன் வாங்கிக் கொடுத்துவிட்டு சபருக்குத் திரும்பிப் போனால் அது கட்டிலுக்கு அடியில் சார்ஜ் இல்லாமல் கிடக்கும். பேரன் முகம் பார்க்கத்தான் வேண்டுமென்றால் நாலே படங்கள், நாலு பேரின் முகங்கள், தொட்டால் கால் போகும்படி அமைத்து ஒரு வாரம் பக்கத்தில் இருந்து பழக்குங்கள். போலீஸ் என்றும் வங்கி என்றும் சொல்லி மிரட்டி ஓ.டி.பி. கேட்பவர்கள் வயதானவர்களைத்தான் தேடுகிறார்கள். அவருடைய பென்ஷன் கணக்கு எண் அந்த போனில் இணையாமல் இருப்பது நல்லது. பணம் போய்விட்டால் உடனே 1930. முதியோருக்கான உதவிக்கு 14567. இரண்டையும் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

கொடுக்கும் கை

பரீரா (ரலி) அவர்களின் சம்பவம் பலருக்குத் தெரிந்திருக்கும். அவருக்கு யாரோ ஸதகாவாக இறைச்சி கொடுத்தார்கள். அவர் அதை நபி (ஸல்) அவர்களின் வீட்டுக்குக் கொடுத்தார். அது பரீராவுக்கு ஸதகா, அவரிடமிருந்து நமக்கு வரும்போது ஹதியா என்று சொல்லி நபியவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். கைக்கு வந்த பொருள் அவருடையது. அதை அவர் கொடுத்தால் அது அவர் கொடுத்ததுதான்.

நம் வீட்டு மூதாட்டிகளின் நிலையை இதோடு வைத்துப் பாருங்கள். ஒரு காலத்தில் நோன்புக் கஞ்சி தெருவுக்கே போனது அவர் கையால். கல்யாண வீட்டில் அவர் வைத்த மொய்க்குப் பெயர் இருந்தது. இன்று அவருக்குச் சாப்பாடு, மருந்து, துணி எல்லாம் கிடைக்கிறது. ஆனால் யாருக்கும் எதுவும் கொடுக்க அவரிடம் ஒன்றும் இல்லை. பெருநாள் காலையில் கொள்ளுப்பேரன் வந்து ஸலாம் சொல்லி கை நீட்டும்போது, மருமகளைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தப் பார்வை எவ்வளவு கனம் என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அதனால், மற்றது எது வாங்கினாலும் வாங்காவிட்டாலும், 10, 20, 50 ரூபாய்ப் புதுத் தாள்களை மாற்றி, ஜிப் வைத்த ஒரு சிறு பர்ஸில் போட்டு, பெருநாளுக்கு முந்தைய இரவு தனியாக அவர் கையில் கொடுங்கள். பிறகு கணக்குக் கேட்காதீர்கள். எல்லாவற்றையும் வேலைக்கு வரும் பெண்ணுக்கே கொடுத்துவிட்டாலும் சரி. நாம் அனுப்பிய சேலையை அவர் மகளுக்கோ, பக்கத்து வீட்டு ஏழைக்கோ கொடுத்துவிட்டால் “நான் உங்களுக்குன்னு வாங்குனதாச்சே” என்று முகம் சுளிக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. கொடுத்துக் கைமாறிய பிறகு அதில் நமக்குச் சொல்ல என்ன இருக்கிறது? கொடுத்த ஹதியாவைத் திரும்பக் கேட்பதை நபி (ஸல்) எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார்கள் என்பது நாம் அறிந்ததே.

பணம் இல்லாத பேரப்பிள்ளைகள் வருந்த வேண்டாம். ஆட்டுக்குளம்பு ஹதியாவாக வந்தாலும் ஏற்பேன் என்றார்கள் நபியவர்கள். உம்மம்மாவிடம் உட்கார்ந்து, அவர் பாடும் தாலாட்டையும் முனாஜாத்தையும், எந்தத் தெருவில் யார் வீட்டுக்கு யார் மருமகளாக வந்தார் என்ற கதையையும் போனில் பதிவு செய்யுங்கள். கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அவர் குரலை அனுமதி இல்லாமல் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம்.

தேடிப் போவது

மக்கா வெற்றியின்போது அபூபக்கர் (ரலி) அவர்கள் தம் முதிய தந்தை அபூகுஹாஃபாவை நபி (ஸல்) அவர்களிடம் அழைத்து வந்தார்கள். பெரியவரை வீட்டிலேயே விட்டிருக்கக் கூடாதா, நானே அவரிடம் வந்திருப்பேனே என்ற கருத்தில் நபியவர்கள் சொன்னதாக அறிவிப்பு உள்ளது. பெருநாளன்று கைகால் முடியாதவரைக் காரில் ஏற்றி வீடு வீடாகக் கூட்டிப்போவதைக் கௌரவம் என்று நினைக்கிறோம். நாம் போவோம்.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் பெண் கல்யாணத்துக்குப் பிறகும் உம்மா வீட்டிலேயே இருப்பாள் என்பதால் பிள்ளைகள் வளர்வது உம்மம்மாவின் மடியில். வாப்பும்மா இரண்டு தெரு தள்ளி இருப்பார். பெட்டி திறக்கும்போது உம்மம்மாவுக்கு நாலு பொருள், வாப்பும்மாவுக்கு ஒரு சோப்பும் ஒரு அத்தர் புட்டியும். அவர் வாய் திறந்து சொல்லமாட்டார். வாப்பா மனசில்தான் அது இருக்கும்.

புதிதாக இஸ்லாத்துக்கு வந்த குடும்பங்களும் நம்மிடையே உண்டு. அவர்களின் பாட்டி வேறு மார்க்கத்தில் இருக்கலாம். அஸ்மா (ரலி) அவர்களின் தாயார் இணைவைப்பவராக இருந்த நிலையில் மகளைப் பார்க்க வந்தபோது, தாயோடு உறவைப் பேணச் சொன்னார்கள் நபி (ஸல்). அந்தப் பாட்டிக்கும் சேலையும் செருப்பும் போகட்டும். கூடப் பேரப்பிள்ளையும் போகட்டும்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். ரமளான் பாதி தாண்டிவிட்டால் தையல்காரர்கள் புதுத் துணி வாங்கமாட்டார்கள், தச்சரும் கொத்தனாரும் பெருநாளுக்குப் பிறகு என்பார்கள். ரவிக்கை அளவு, செருப்பு அளவு, கைப்பிடிக் கம்பி, நாற்காலி இதையெல்லாம் முதல் பத்திலேயே பார்த்துவிடுங்கள். புதுத் தாள்களுக்கு வங்கியில் சொல்லி வைப்பதும் அப்போதே.